நீடிப்பது எது, யாருக்காக?

(திருவனந்தபுரத்தில் தமிழ் பேசும் தோழர்களுக்கான வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

ஒரே சொல்லைச் சுரண்டுபவரும் சுரண்டப்படுபவரும் ஒருசேரப் பயன்படுத்தத் தொடங்கினால், அந்தச் சொல்லை நிறுத்தி விசாரிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று பொருள். ‘நிலைத்த வளர்ச்சி’ அத்தகைய ஒரு சொல். ஐக்கிய நாடுகள் சபை அதைச் சொல்கிறது. உலக வங்கி சொல்கிறது. ஒன்றிய அரசு சொல்கிறது. சுரங்க நிறுவனமும் சிமெண்ட் ஆலையும் சொல்கின்றன. அவற்றை எதிர்த்துப் போராடும் கிராம மக்களும் அதையே சொல்கின்றனர். அனைவரும் ஒரே பொருளிலா சொல்கின்றனர்?

தமிழில் இச்சொல்லுக்கு இன்னும் ஒருமித்த வடிவம் அமையவில்லை. ‘நீடித்த வளர்ச்சி’ என்பர் சிலர். ‘நிலைத்த வளர்ச்சி’, ‘நிலைபேறு’ என்பர் வேறு சிலர். ‘வளங்குன்றா வளர்ச்சி’ என்ற அழகிய ஆக்கமும் உண்டு. மலையாளத்தில் ‘சுஸ்திர விகசனம்’ என்ற ஒரே சொல் வேரூன்றிவிட்டது. தமிழ் வடிவங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையைக் காட்டுகின்றன. ‘நீடித்த’ என்பது காலத்தைப் பேசுகிறது. ‘நிலைத்த’ என்பது இருப்பது இருந்தபடியே இருக்கட்டும் என்ற நிழலையும் உடன் கொண்டுவருகிறது. ‘வளங்குன்றா’ என்பது மண்ணையும் நீரையும் காட்டையும் பேசுகிறது. ஆனால், இம்மூன்றிலும் ஒரு வினா விடுபட்டுள்ளது: யாருக்கு நீடிப்பது? யாருடைய உழைப்பால் நீடிப்பது? இச்சொல்லை வரையறுப்பதில் உள்ள உண்மையான இடர்ப்பாடு அகராதியில் இல்லை. இந்த வினாவில்தான் இருக்கிறது.

மறக்கப்பட்ட பாதி

1983ஆம் ஆண்டு ஐ.நா. சபை சுற்றுச்சூழலுக்கும் வளர்ச்சிக்குமான உலக ஆணையத்தை அமைத்தது. நார்வே நாட்டின் குரோ ஹார்லெம் புருண்ட்லாண்ட் அதன் தலைவர். 1987இல் அவ்வாணையம் அளித்த ‘நமது பொது எதிர்காலம்’ என்ற அறிக்கையே இன்று எல்லாப் பாடநூல்களிலும் இடம்பெறும் வரையறைக்கு மூலம். வருங்காலத் தலைமுறையினர் தம் தேவைகளை நிறைவுசெய்யும் ஆற்றலுக்குக் குந்தகமின்றி, இன்றைய தலைமுறை தன் தேவைகளை நிறைவுசெய்து கொள்வது என்பது அதன் கருத்து. 

பெரும்பாலோர் இவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். ஆனால், அறிக்கை இவ்விடத்தில் நிற்கவில்லை. ‘தேவை’ என்று சொல்லும்போது உலகின் ஏழை மக்களது அடிப்படைத் தேவைகளையே முதன்மையாகக் கொள்ள வேண்டும் என்று அது உடனே விளக்குகிறது. இயற்கையின் தாங்குதிறனுக்கு வரம்பிடுவது தொழில்நுட்பத்தின் நிலையும் சமூக அமைப்பும்தான் என்றும் கூறுகிறது. அதாவது, எதிர்காலத்தைப் பற்றிய அக்கறை, இன்றைய ஏழையின் தேவையிலிருந்து பிரிக்கப்படாமல் அங்கே வைக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த மாநாடுகளிலும் நிறுவன அறிக்கைகளிலும் முதல் பாதி சுவரில் மாட்டப்பட்டது. இரண்டாம் பாதி பெட்டிக்குள் வைத்துப் பூட்டப்பட்டது.

இன்று இந்தியப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட மிகப் பெரிய 1,000 நிறுவனங்கள், 2022-23 நிதியாண்டு முதல் தம் பொறுப்பும் நிலைத்தன்மையும் குறித்த அறிக்கையை ஆண்டுதோறும் கட்டாயமாக வெளியிட வேண்டும். அது ஒரு வகையில் நல்ல ஏற்பாடே. ஆயினும், தன்னைத் தானே அளந்து தானே எழுதும் அறிக்கையில் நீடிக்க வேண்டியது எதுவாக இருக்கும்? மூலதனம் நீடிப்பதும் லாபம் நீடிப்பதுமே அங்கு மையம். ஒப்பந்தத் தொழிலாளியின் வேலை நீடிப்பது அதன் வரையறைக்குள் எளிதில் வருவதில்லை.

விளப்பில்சாலை கேட்ட கேள்வி

இந்தப் பொதுவான பேச்சை மண்ணில் இறக்கிப் பார்க்கத் திருவனந்தபுரத்தைவிடப் பொருத்தமான நகரம் அரிது. 2000ஆம் ஆண்டு மாநகராட்சி, நகரின் குப்பையை உரமாக்கும் ஆலையை நகருக்கு வெளியே விளப்பில் ஊராட்சிக்கு உட்பட்ட விளப்பில்சாலையில் தொடங்கியது. அன்றைய மொழியில் அது முன்மாதிரித் திட்டம். குப்பை உரமாகும், உரம் வயலுக்குப் போகும், நகரம் தூய்மையாகும். காகிதத்தில் இதைவிட நிலைத்த வளர்ச்சி வேறு உண்டா?

நடந்தது வேறு. தரம் பிரிக்கப்படாத குப்பை லாரி லாரியாக வந்து குவிந்தது. ஆலையின் கொள்ளளவை மீறி அது மலையானது. குப்பையிலிருந்து கசிந்த கழிவுநீர் மீனம்பள்ளி ஓடை வழியாகக் கரமனை ஆற்றில் கலந்தது. அதே ஆற்றின் மேற்பகுதியில், அருவிக்கரையில்தான் நகரம் தனக்குக் குடிநீர் எடுக்கிறது. மேலே தூய நீரை எடுத்துக்கொண்டு, கீழே கழிவைத் திருப்பித் தந்தது நகரம். சுற்றியிருந்த வீடுகளில் நாற்றமும் ஈயும் நோயும் அன்றாட வாழ்வாயின.

2011 டிசம்பரில் விளப்பில் ஊராட்சி ஆலையின் வாயிலைப் பூட்டியது. நீதிமன்ற உத்தரவுடனும் காவல்துறையுடனும் 2012இல் ஆலையை மீண்டும் திறக்க முயற்சிகள் நடந்தன. பெண்களும் முதியோரும் சாலையில் அமர்ந்தனர். வாகனங்கள் திரும்பிச் சென்றன. ஆலை மீண்டும் இயங்கவில்லை.

இதில் இடதுசாரி இயக்கம் தன்னைத் தானே பார்த்துக்கொள்ள வேண்டிய ஒரு பக்கமும் உண்டு. ஆலை தொடங்கப்பட்டபோது மாநிலத்திலும் மாநகராட்சியிலும் இடதுசாரிகளே ஆட்சியில் இருந்தனர். எண்ணம் நல்லதாக இருந்தது. ஆனால், நகரத்தின் தேவை ‘பொதுத் தேவை’ என்றும், கிராமத்தின் துன்பம் ‘உள்ளூர்ச் சிக்கல்’ என்றும் பெயரிடப்பட்டன. பெயரிடும் அந்த நொடியிலேயே வரையறை தவறிவிட்டது. ஒரு நகரின் தூய்மை இன்னொரு ஊரின் கிணற்றை விலையாகக் கேட்குமானால், அதை நிலைத்த வளர்ச்சி என்பது பொருந்தாது. அது துன்பத்தின் இடமாற்றம்.

விளப்பில்சாலை மூடப்பட்ட பிறகுதான் திருவனந்தபுரம் வேறு வழியைத் தேடியது. மக்கும் குப்பையை உருவாகும் இடத்திலேயே உரமாக்குதல் என்பது அவ்வழி. வீடுகளில் உரத் தொட்டிகள், வார்டுகளில் துளையிட்ட தொட்டிகளில் சாணமும் உலர்ந்த இலையும் உணவுக் கழிவும் அடுக்கடுக்காக இட்டு மக்கவைக்கும் தும்பூர்முழி முறை ஆகியவை பரவின. சாலக்குடியை அடுத்த தும்பூர்முழியில் உள்ள கேரளக் கால்நடைப் பல்கலைக்கழகப் பண்ணையில் உருவான முறை அது. ஆலப்புழையிலும் இதே காலத்தில் இதே கதை நடந்தது. சர்வோதயபுரம் மக்கள் நகரக் குப்பையை மறுத்த பின்னரே அந்நகரம் வீட்டளவிலான முறைக்கு மாறி, நாடறிந்த எடுத்துக்காட்டானது. இந்தத் திருப்பத்துக்கு வழிதிறந்தவர்கள் ‘மாட்டோம்’ என்று சொன்ன கிராமத்து மக்கள்.

படிப்பினையை எல்லா நகரங்களும் கற்கவில்லை. கொச்சியின் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் 2023 மார்ச் 2 அன்று மூண்ட தீயை அணைக்கப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. அந்நாட்களில் நகரம் முழுவதும் நச்சுப்புகையைச் சுவாசித்தது. தமிழ்நாட்டிலும் சென்னையின் கழிவைப் பெருங்குடியும் கொடுங்கையூரும் பல பத்தாண்டுகளாகச் சுமக்கின்றன. பெருங்குடிக் கிடங்கு அமைந்திருப்பதோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில்.

எல்லை தாண்டிய குப்பை

2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தின் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பகுதிகளில் கேரளத்தின் மருத்துவக் கழிவு கொட்டப்பட்டிருந்ததை நாடே பார்த்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தலையிட்டது. டிசம்பர் 22 அன்று கேரளத்திலிருந்து லாரிகள் வந்து அக்கழிவைத் திருப்பி எடுத்துச் சென்றன.

இச்செய்தியைச் சிலர் தமிழர், மலையாளி என்ற பகைக்கு விறகாக்க முயன்றனர். கூர்ந்து பார்த்தால் படம் வேறாக இருக்கிறது. கழிவை அகற்றும் பொறுப்பு ஒப்பந்தத்துக்கு விடப்பட்டது. ஒப்பந்தத்தில் லாபம் குறைந்த செலவில் இருக்கிறது. குறைந்த செலவு என்பது கேட்பாரற்ற நிலத்தில் கொட்டுவது. வழக்கில் இரு மாநிலங்களைச் சேர்ந்தவர்களும் கைதாயினர். விளப்பில்சாலையில் நகரம் கிராமத்துக்கு அனுப்பியதை, இங்கே லாபம் மாநில எல்லை கடந்து அனுப்பியது. வளர்ந்த நாடுகளின் மின்னணுக் கழிவும் பழைய கப்பல்களும் ஏழை நாடுகளின் கரைக்கு வருவதும் இதே விதியின்படிதான். குப்பை எப்போதும் விலை குறைந்த நிலத்தையும் குரல் குறைந்த மனிதரையும் நோக்கியே செல்கிறது.

மார்க்ஸ் விட்டுச்சென்ற வரையறை

மார்க்சியத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் தொடர்பில்லை என்பது நெடுநாளைய அவதூறு. எங்கெல்ஸ் பதிப்பித்து 1894இல் வெளிவந்த ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியின் இரண்டு இடங்கள் இன்றைய விவாதத்துக்கு நேரடியாக உதவுகின்றன.

முதலாவது, உற்பத்தியின் கழிவுகளைப் பயன்படுத்துவது பற்றிய பகுதி. நாற்பத்தைந்து லட்சம் மக்கள் வாழும் லண்டன் நகரம், வயலுக்கு உரமாக வேண்டிய தன் மனிதக் கழிவைப் பெரும் பணம் செலவிட்டுத் தேம்ஸ் ஆற்றை மாசுபடுத்தவே பயன்படுத்துகிறது என்று மார்க்ஸ் அங்கே சுட்டுகிறார். மண்ணிலிருந்து உணவாக நகருக்கு வந்தது மண்ணுக்குத் திரும்பவில்லை. நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே முதலாளித்துவம் உண்டாக்கிய பிளவு அது. தேம்ஸ் என்ற இடத்தில் கரமனை என்று எழுதினாலும் அந்தப் பத்தி பொருந்தும்.

இரண்டாவது, நிலவாடகை பற்றிய பகுதி. ஒரு தனிமனிதரோ ஒரு நாடோ மட்டுமல்ல, எல்லாச் சமூகங்களும் ஒன்றுசேர்ந்தாலும் பூமிக்கு உரிமையாளராக முடியாது. அவர்கள் அதை அனுபவிப்பவர்கள் மட்டுமே. நல்ல குடும்பத் தலைவரைப் போல அதை மேம்படுத்தி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டியவர்கள் என்பது அவர் கருத்து. 1987 அறிக்கைக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அறிக்கை வருங்காலத்துக்குக் கேடு செய்யாதே என்கிறது. மார்க்ஸ் மேம்படுத்திக் கொடு என்கிறார். அறிக்கை தேவையைப் பற்றிப் பேசுகிறது. மார்க்ஸ் உடைமையைப் பற்றிப் பேசுகிறார். நிலமும் நீரும் யாருடைய உடைமை என்ற கேள்வியைத் தொடாமல் நிலைத்த வளர்ச்சியை வரையறுப்பது, வேரைத் தொடாமல் மரத்தை நட முயல்வதைப் போன்றது.

ஒரு மதிப்பெண்ணும் ஓர் ஓடையும்

2015இல் ஐ.நா. சபை 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளை ஏற்றது. அவற்றில் மாநிலங்களின் முன்னேற்றத்தை இந்தியாவில் நிதி ஆயோக் அளக்கிறது. 2023-24ஆம் ஆண்டுக்கான குறியீடு 2024 ஜூலை 12 அன்று வெளியானது. 79 மதிப்பெண்களுடன் கேரளம் உத்தராகண்டுடன் சேர்ந்து முதலிடம் பெற்றது. கல்வியும் பொதுச் சுகாதாரமும் நிலச்சீர்திருத்தமும் மக்கள் இயக்கங்களும் ஈட்டிய பெருமை அது. அதைச் சிறுமைப்படுத்த வேண்டியதில்லை.

மறுநாள், ஜூலை 13 காலை, தலைநகரின் நடுவே தம்பானூர் ரயில் நிலையத்தின் அடியில் ஓடும் ஆமையிழஞ்சான் தோட்டில் குப்பை அகற்ற ஒரு தொழிலாளி இறங்கினார். தோடு என்பது மலையாளத்தில் ஓடை. அவர் நாள்கூலிக்கு ஒப்பந்ததாரரால் அமர்த்தப்பட்டவர். மழைநீர் பெருகி அவரை அடித்துச் சென்றது. தீயணைப்புப் படையினரும் முக்குளிப்போரும் குப்பை அடைத்த இருண்ட நீரில், தம் உயிரைப் பணயம் வைத்துத் தேடினர். தேடுவதற்கு இயந்திரக் கருவிகளும் வரவழைக்கப்பட்டன. மூன்றாம் நாள், ஜூலை 15 அன்று, உடல் கிடைத்தது. ஓடை யாருடைய பொறுப்பு என்பதில் ரயில்வேயும் மாநகராட்சியும் ஒன்றையொன்று கைகாட்டின.

பாதாளச் சாக்கடைக் குழிகளைத் தூய்மை செய்யும் இயந்திரத்தை உருவாக்கிய இளம் பொறியாளர்களின் நகரமும் இதே திருவனந்தபுரம்தான். 2018 முதல் அந்த இயந்திரம் பயன்பாட்டில் உள்ளது. தொழில்நுட்பம் இருந்தது, சட்டமும் இருந்தது. கையால் மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் சட்டம் 2013இல் வந்துவிட்டது. சாக்கடை மரணங்களுக்கு 30 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. இருந்தும், ஓடைக்குள் முதலில் மனிதர் இறக்கப்பட்டார். இயந்திரம் அவரைத் தேடப் பின்னால் வந்தது. மனித உயிர் இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைக்கும் வரை இந்த வரிசை மாறாது.

79 என்ற எண் பொய்யன்று. ஆனால், அந்த எண்ணுக்குள் அந்த ஓடை இல்லை. சராசரியை மட்டும் அளக்கும் வரையறை, சராசரிக்குக் கீழே நிற்பவரைக் காண்பதில்லை.

தோட்டியின் மகனுக்கு எந்த எதிர்காலம்?

‘வருங்காலத் தலைமுறை’ என்ற தொடரையும் ஒருமுறை சோதிக்க வேண்டும். தகழி சிவசங்கரப் பிள்ளை 1947இல் எழுதிய ‘தோட்டியின் மகன்’ நாவலைத் தமிழில் சுந்தர ராமசாமி தந்திருக்கிறார். ஆலப்புழையில் மலம் அள்ளிய தமிழ்த் தொழிலாளர்களின் கதை அது. இசக்கிமுத்து, சுடலைமுத்து, மோகன் என்று மூன்று தலைமுறைகள். தன் மகன் தோட்டியாகக் கூடாது என்பதே சுடலைமுத்துவின் ஒற்றைக் கனவு. அதற்காக அவன் சக தொழிலாளர்களின் சங்கத்தையே காட்டிக்கொடுத்துத் தனியாகத் தப்பிக்கப் பார்க்கிறான். அவ்வழி தோற்கிறது. மோகனும் தோட்டியாகிறான், பின் போராட்டத்தின் பக்கம் வந்து சேர்கிறான்.

இந்தியாவில் தலைமுறைகளுக்கு இடையே நீதி என்று பேசுவோர் இதை மறக்கலாகாது. ஒரு பிரிவினர் தம் பிள்ளைகளுக்கு நிலமும் வீடும் கல்வியும் விட்டுச் செல்கின்றனர். இன்னொரு பிரிவினருக்கு வாளியையும் துடைப்பத்தையும் விட்டுச் செல்லுமாறு சாதி விதித்தது. இம்மண்ணில் ஈராயிரம் ஆண்டு குன்றாமல் நீடித்த அமைப்பு ஒன்று உண்டென்றால் அது சாதிதான். எனவே, நீடிப்பதெல்லாம் நல்லதாகிவிடாது. எதை நீடிக்கச் செய்வது, எதை முடிவுக்குக் கொண்டுவருவது என்று பிரித்துச் சொல்லாத வரையறை, சுரண்டலையும் சேர்த்தே காப்பாற்றும்.

இன்று கேரளத்தின் வீடுகளில் நெகிழிக் கழிவைச் சேகரிப்பவர்கள் ஹரித கர்ம சேனையின் பெண்கள். 1998இல் தொடங்கிய குடும்பஸ்ரீயின் வழி வந்தவர்கள். ஊர்தோறும் வாசல்தோறும் ஏறி இறங்கும் இப்பெண்கள் இல்லையேல் கேரளத்தின் கழிவு மேலாண்மை ஒரு வாரம்கூட நிலைக்காது. இவ்வளவு பெரிய மக்கள் ஏற்பாடு நாட்டில் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காது. ஆயினும், அவர்களது வருவாய் பெரும்பாலும் வீடுகள் மாதந்தோறும் தரும் சிறு கட்டணத்தையே நம்பியிருக்கிறது. அக்கட்டணத்தையும் கொடுக்காதீர்கள் என்று சமூக ஊடகங்களில் பரப்புரை நடந்தது. ஆவணங்களில் அவர்கள் ‘தொழில்முனைவோர்’. முதுகில் மூட்டையைச் சுமப்பவரைத் தொழில்முனைவோர் என்று அழைத்தால், குறைந்தபட்ச ஊதியமும் சேமநல நிதியும் விடுப்பும் யாரிடம் கேட்பது? அவர்களைத் தொழிலாளர் என்று பெயரிட்டு அழைப்பது, நிலைத்த வளர்ச்சியை வரையறுப்பதன் ஒரு பகுதியே ஆகும். இடதுசாரி ஆட்சி உருவாக்கிய ஏற்பாடு என்பதாலேயே இந்தக் குறையைச் சுட்டும் முதல் கடமையும் இடதுசாரிகளுக்கு உண்டு.

தமிழ்நாட்டிலும் இதே வினா தெருவுக்கு வந்தது. 2025 ஆகஸ்டில், ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்படுவதை எதிர்த்துத் தூய்மைப் பணியாளர்கள் சென்னை ரிப்பன் மாளிகையின் முன் 13 நாட்கள் அமர்ந்தனர். நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. நகரம் நிலைக்க வேண்டும், அதைத் துடைப்பவரின் வேலை நிலைக்க வேண்டாம் என்பதே அந்த இரவு தந்த வரையறை.

மூன்று வினாக்கள்

தோழர்களே, பிழையற்ற வரையறை ஒன்று கிடைக்கும் வரை இயக்கம் காத்திருக்க இயலாது. ஆனால், ‘நிலைத்த வளர்ச்சி’ என்ற பெயரில் வரும் எந்தத் திட்டத்தின் முன்பும் வைக்கத்தக்க வினாக்கள் மூன்று உள்ளன. கிளைக் கூட்டங்களிலும் உள்ளாட்சி மன்றங்களிலும் இவை எழுப்பப்பட வேண்டும்.

ஒன்று: இது யாருடைய தேவையை முதலில் நிறைவுசெய்கிறது? 1987 அறிக்கையின் மறக்கப்பட்ட பாதியைப் பெட்டியிலிருந்து வெளியே எடுக்கும் வினா இது.

இரண்டு: இதன் கழிவும் இழப்பும் யாருடைய நிலத்துக்கும் நீருக்கும் போகின்றன? விளப்பில்சாலையும் நடுக்கல்லூரும் எழுப்பிய வினா இது. அந்த ஊரின் ஒப்புதல் பெறப்பட்டதா என்பதும் இதில் அடங்கும்.

மூன்று: இது யாருடைய கைகளால் நடக்கிறது, அந்தக் கைகளுக்கு என்ன ஊதியம், என்ன பாதுகாப்பு, அதே வேலைக்கு அவர்களது பிள்ளைகளும் வந்து சேர வேண்டுமா? ஆமையிழஞ்சான் ஓடை எழுப்பிய வினா இது.

இவற்றுக்கு விடை சொல்ல மறுக்கும் திட்டம் எத்தனை பசுமையான அட்டையுடன் வந்தாலும் அதை எதிர்க்க வேண்டும். விடை அரைகுறையாக இருந்தால், திட்டத்தை நடத்துவது எந்த அரசாக இருந்தாலும், திருத்தப் போராட வேண்டும். தம் பகுதியின் தூய்மைப் பணியாளர்களையும் ஹரித கர்ம சேனைப் பெண்களையும் சங்கத்தில் இணைப்பது அதன் முதல் படி. தம் வீட்டுக் கழிவைத் தம் வீட்டிலேயே பிரிப்பது அதனினும் எளிய படி. அதைச் செய்யாத தோழருக்கு இவ்வினாக்களை எழுப்பும் தகுதி குறைவு.

தம்பானூர் வழியாக ரயிலேறி ஊர் திரும்பும் தோழர்கள், தண்டவாளத்தின் அடியில் அந்த ஓடை இன்றும் ஓடுகிறது என்பதை நினைவில் கொள்ளட்டும். அதற்குள் இனி ஒரு மனிதரும் இறங்க நேராத நாளில்தான் இந்நகரத்தில் அச்சொல்லுக்குப் பொருள் கிடைக்கும்.